சி.எல்.எல். சிகிச்சையும் இதய மாத்திரைகளும்: உள்ரத்தக் கசிவை மனத்தில் வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது?

டெங்கு நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கேள்வியைப் பழக்கிவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் "பிளேட்லெட் எவ்வளவு?" என்றுதான் கேட்கிறோம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்றால் நிம்மதி. அதற்குக் கீழே இறங்கினால் பப்பாளி இலை தேடி ஆள் கிளம்பிவிடும். டெங்குவிலேயே அது முழுமையான கேள்வி அல்ல. அங்கே உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவதுதான். நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு எந்தச் சிகிச்சை என்று முடிவெடுக்க உட்காரும் குடும்பத்துக்கு அந்த எண் பாதி வழிகூடக் காட்டாது. பிளேட்லெட், அதாவது தட்டணுக்கள், இரண்டு லட்சம் இருக்கும்போதே ஒருவருக்குக் குடலுக்குள் ரத்தம் கசியலாம். நாற்பதாயிரத்தில் இருக்கும் இன்னொருவர் ஒன்றும் ஆகாமல் கடைக்குப் போய் வந்துகொண்டிருக்கலாம்.

இதைக் கற்றுக்கொண்டது என் பெரியப்பாவுக்காக. எழுபதைக் கடந்தவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். சர்க்கரைக்காக எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் அளவுக்கு மீறி இருப்பது தெரிந்து, கடைசியில் அது சி.எல்.எல். எனப்படும் நாள்பட்ட லிம்போசைட் வகை ரத்தப் புற்றுநோய் என்று உறுதியானது. மேற்கு நாடுகளில் பெரியவர்களுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்களில் இதுவே முதலிடம், இந்தியாவில் குறைவு. சில ஆண்டுகள் மருந்தே இல்லாமல் ஓடின. பிறகு மண்ணீரல் வீங்கி, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போனபோது சிகிச்சையைத் தொடங்கியாக வேண்டும் என்றார் ரத்தவியல் டாக்டர். எதைத் தொடங்குவது என்பதில்தான் வீட்டில் இத்தனை பேச்சு. நான் மருத்துவர் அல்ல. கூடவே போய் உட்கார்ந்து, கேட்டு, படித்து, ஒப்பிட்டுப் பார்த்தவன். எழுதுவதும் அந்த அளவுக்குத்தான்.

முதல் ஆலோசனையில் டாக்டர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "ஐயா, உங்கள் எண்ணிக்கை குறைந்திருப்பது ஒரு பிரச்சினை. இதயத்துக்காக நீங்கள் சாப்பிடுகிற மாத்திரைகள் இரண்டாவது பிரச்சினை. நான் எழுதப்போகிற மாத்திரை மூன்றாவதாகச் சேர்ந்துவிடக் கூடாது." இந்த மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்காமல் எந்த மருந்து நல்லது என்று கேட்பது வீண்.

எண்ணிக்கை ஏன் குறைகிறது?

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன் இதற்கு விடை தெரிந்தாக வேண்டும். சி.எல்.எல்.லில் தட்டணுக்கள் குறைவதற்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. எலும்பு மஜ்ஜை முழுவதும் நோய் அணுக்கள் நிரம்பி, தட்டணுக்களை உருவாக்கும் அணுக்களுக்கு இடமில்லாமல் போவது ஒன்று. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைத் தன்னிடமே தேக்கி வைத்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, நோய் எதிர்ப்பு மண்டலமே தடம் மாறி, சொந்தத் தட்டணுக்களை அந்நியமாகக் கருதி அழிப்பது. இந்த மூன்றாவது வகை சி.எல்.எல். நோயாளிகளில் ஒரு சிறு பங்கினருக்கே வருகிறது. ஆனால் வந்தால் முடிவே மாறிவிடும். அப்போது முதலில் கொடுப்பது ஸ்டீராய்டும், தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின் ஊசியும். புற்றுநோய் மருந்து அதன் பிறகுதான். மஜ்ஜை நிரம்பிப்போன நிலை நோய் முற்றியதன் அடையாளம். எதிர்ப்பு மண்டலம் அழிப்பது அப்படியல்ல. இரண்டுக்கும் தாளில் வரும் எண் ஒன்றாகவே இருக்கும். அதனால்தான் தேவைப்படும்போது மஜ்ஜைப் பரிசோதனை கேட்கிறார்கள். இடுப்பெலும்பில் ஊசி என்றதும் பெரியம்மா முகம் சுருங்கியது. அந்த ஒரு பரிசோதனை தவறான மருந்தைத் தவிர்க்க உதவுகிறது என்று டாக்டர் விளக்கிய பிறகே சம்மதித்தார்.

இன்னொரு செய்தி. தட்டணு குறைந்தாலும் தானாக ரத்தம் கசியும் ஆபத்து பெரிதாக எழுவது பெரும்பாலும் இருபதாயிரம், பத்தாயிரம் என்ற அளவுக்கு இறங்கும்போதுதான். எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்பது சிகிச்சை தொடங்கக் காரணம் ஆகலாமே தவிர, அந்த எண்ணே நேரடியாகக் கசிவை உண்டாக்குவதில்லை. கசிவை உண்டாக்குவது எண்பதாயிரம் தட்டணுக்களின் கையையும் கட்டிப்போடும் மாத்திரைகள்.

அந்த மாத்திரைகள் எவை என்று பார்க்க மேஜையில் அட்டைகளைப் பரப்பினோம். பெரியப்பா "கொழுப்பு மாத்திரை" என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த கேப்ஸ்யூலின் அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால், உள்ளே கொழுப்பைக் குறைக்கும் மருந்தோடு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்தே இருந்தன. மூன்றும் ஒரே கேப்ஸ்யூலில். இந்தியாவில் இது சாதாரணமாக விற்கிற கலவை. ரத்தவியல் டாக்டரிடம் "ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா?" என்ற கேள்விக்கு அவர் முதல் முறை "இல்லை" என்றுதான் பதில் சொல்லியிருந்தார். பொய்யில்லை, தெரியாது. யாராவது இந்தப் பக்கம் வந்து படித்தால் ஒன்றைச் செய்யுங்கள்: மாத்திரையின் பெயரைச் சொல்லாதீர்கள், அட்டையைக் கொண்டுபோங்கள்.

பொறுத்திருப்பது

அறிகுறி இல்லாத தொடக்க நிலை சி.எல்.எல்.லுக்கு மருந்து கொடுக்காமல் கண்காணிப்பது கைவிட்டுவிடுவதல்ல. முன்கூட்டியே மாத்திரை தொடங்கினால் நல்லதாயிற்றே என்று நமக்குத் தோன்றும். ஜெர்மனியை மையமாகக் கொண்டு நடந்த சி.எல்.எல்.12 என்ற ஆய்வு அதைத்தான் சோதித்தது. தொடக்க நிலையில் ஒரு சாராருக்கு இப்ருடினிப் என்ற சி.எல்.எல். மாத்திரை, மறு சாராருக்கு வெற்று மாத்திரை. நோய் வளர்வது தள்ளிப்போனது. ஆனால் ஆயுள் நீளவில்லை. இப்ருடினிப் சாப்பிட்டவர்களுக்கு ரத்தக் கசிவும் இதயத் துடிப்புக் கோளாறும் ரத்த அழுத்தமும் கூடின. ஆக, சிகிச்சைக்கான காரணம் வரும்வரை காத்திருப்பதே ரத்தக் கசிவு விஷயத்தில் மிகப் பாதுகாப்பான வழி. பெரியப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். காத்திருப்பவர்கள் இதய டாக்டரிடம் பேசி, தேவையற்ற மாத்திரைகளை ஒதுக்கிக்கொள்ள இதுவே நல்ல நேரம்.

தினசரி மாத்திரைகள்: இப்ருடினிப்பும் அதன் தம்பிகளும்

1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவக் குழந்தை மருத்துவர், ரத்தத்தில் எதிர்ப்புப் புரதமே இல்லாத ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அந்தக் குறைபாட்டுக்குக் காரணமான நொதிக்குப் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள், சுருக்கமாக பி.டி.கே. நோய் அணுக்கள் பிழைத்திருக்க இந்த நொதி வேண்டும் என்பதால் அதை அடைத்துவிடும் மாத்திரைகள் வந்தன. முதலாவது இப்ருடினிப், அமெரிக்காவில் 2014இல் சி.எல்.எல்.லுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்து 2019இல் அகாலாப்ருடினிப், 2023இல் ஜானுப்ருடினிப். கீமோவின் குமட்டலும் முடி உதிர்வும் பெரிதாக இல்லாமல், வீட்டிலிருந்தே சாப்பிட்டு ஆண்டுக்கணக்கில் நோயை அடக்கி வைக்கலாம் என்பது சி.எல்.எல். நோயாளிகளுக்கு உண்மையிலேயே பெரிய மாற்றம்.

சிக்கல் என்னவென்றால் தட்டணுக்களுக்குள்ளும் இதே நொதி இருக்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால் அடியிலிருக்கும் கொலாஜன் வெளிப்படும். தட்டணு அதைத் தொட்டதும் "இங்கே ஓட்டை" என்ற செய்தி உள்ளே பரவ வேண்டும். அந்தச் செய்தி கடந்துபோகும் பாதையில் பி.டி.கே.யும் அதன் உறவுக்கார நொதியான டெக்கும் நிற்கின்றன. மாத்திரை அவற்றை அடைத்துவிட்டால் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறையாது, வேலையில் சுணங்கிவிடும். ஊரில் நூறு காவலர்கள் இருந்தும் விசில் சத்தம் யார் காதிலும் விழாத கதை. பரிசோதனைத் தாள் காவலர்களின் தலையை எண்ணும், காதைச் சோதிக்காது.

பிறவியிலேயே பி.டி.கே. இல்லாத குழந்தைகளுக்குத் தொற்றுகள் வரும். ஆனால் ரத்தம் கசியும் தொல்லை பொதுவாக இல்லை. ஆகவே, கசிவுக்குக் காரணம் பி.டி.கே.யை அடைப்பது மட்டும் அல்ல, இப்ருடினிப் கூடவே டெக் போன்ற மற்ற நொதிகளையும் அடைப்பதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அடுத்து வந்த மாத்திரைகளைக் குறி தவறாமல் செய்ய முயன்றதற்கு ஒரு காரணம் இது.

எண்களைப் பார்ப்போம். இப்ருடினிப்பின் அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி, ஆய்வுகளில் அதைச் சாப்பிட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்குச் சிராய்ப்புக் கன்றல், தோலில் சிவப்புப் புள்ளி உட்பட ஏதோ ஒரு ரத்தக் கசிவு இருந்தது. பெரிய கசிவு 4.2 விழுக்காடு. உயிரைப் பறித்தது 0.4 விழுக்காடு. எங்களுக்கு முக்கியமாகப் பட்டது இதற்கு அடுத்த வரி. ரத்தத்தை இளக்கும் எந்த மருந்தும் இல்லாதவர்களுக்குப் பெரிய கசிவு 3.1 விழுக்காடு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் வகை சேர்ந்தால் 4.4. வார்ஃபரின், அபிக்ஸபான் போல உறைதலைத் தடுக்கும் வகை சேர்ந்தால் 6.1. இப்ருடினிப்பின் ஆரம்பகால ஆய்வு ஒன்றில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே ரத்தம் தேங்கிய நிகழ்வுகள் வந்த பிறகு, வார்ஃபரின் சாப்பிடுபவர்களை அடுத்தடுத்த ஆய்வுகளில் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பியக் குறிப்பு இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதே என்று நேராகவே சொல்கிறது.

இதில் ஒரு சுழற்சி ஒளிந்திருக்கிறது. இப்ருடினிப் சிலருக்கு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு. அது வந்தால் பக்கவாதத்தைத் தடுக்க உறைதல் தடுப்பு மாத்திரை வேண்டும். அந்த மாத்திரை சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடும். துடிப்பைக் கட்டுப்படுத்த டில்டியாசெம் கொடுத்தால் அது கல்லீரலில் இப்ருடினிப் கரைவதைத் தடுத்து ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். ஒன்றைச் சரிசெய்யப்போக இன்னொன்று அவிழும். எழுபது வயதில், ஏற்கெனவே இதயநோய் உள்ளவருக்கு, இப்ருடினிப்பின் மீது எனக்கு இருக்கும் தயக்கம் இந்தச் சுழற்சியால்தான், கன்றல் புள்ளிகளால் அல்ல. விலை குறைந்த இந்தியத் தயாரிப்புகள் கிடைப்பதால் பலருக்கும் முதலில் எழுதித் தருவது இதுதான். வேறு வழியில்லாத குடும்பங்களைக் குறை சொல்லவில்லை. வழி இருப்பவர்கள் கேட்டாவது பார்க்க வேண்டும்.

அகாலாப்ருடினிப்பை இப்ருடினிப்போடு நேருக்கு நேர் ஒப்பிட்ட எலிவேட் ஆர்ஆர் ஆய்வு 2021இல் வெளியானது. நோயை அடக்குவதில் இரண்டும் சமம். துடிப்புக் கோளாறு 9.4 விழுக்காடு, இப்ருடினிப்புக்கு 16. மொத்த ரத்தக் கசிவு 38க்கு 51.3. ஆனால் பெரிய கசிவு மட்டும் என்றால் 4.5க்கு 5.3, சொல்லிக்கொள்ளும்படி இடைவெளி இல்லை. ஜானுப்ருடினிப்பை ஒப்பிட்ட ஆல்பைன் ஆய்வில் நோயை அடக்குவதிலேயே ஜானுப்ருடினிப் முந்தியது. துடிப்புக் கோளாறு 5.2க்கு 13.3. இதயக் கோளாறால் இறந்தவர்கள் இப்ருடினிப் பக்கம் ஆறு பேர், ஜானுப்ருடினிப் பக்கம் யாரும் இல்லை. ரத்தக் கசிவு? ஏறக்குறைய சமம்தான்.

புதிய மாத்திரை என்றால் கசிவே இல்லை என்று மருந்து விளம்பரத் தொனியில் சொல்பவர்களை நம்ப வேண்டாம். கசிவு நேரடியாகக் குறைவது கொஞ்சம்தான். இவற்றில் கிடைக்கும் உண்மையான லாபம் மறைமுகமானது: துடிப்புக் கோளாறு குறைவாக வருவதால், உறைதல் தடுப்பு மருந்து சேர்க்க வேண்டிய நிலையும் குறைவாக வருகிறது.

இந்தப் புதிய மாத்திரைகள் இரண்டுக்குள்ளும் ஒரு நுணுக்கம். ஸ்டென்ட் வைத்தவர்கள் வயிற்றுப் புண்ணையும் ரத்தக் கசிவையும் தடுக்க காலையில் பென்டோபிரசோல் போடுவது வழக்கம். அகாலாப்ருடினிப் கேப்ஸ்யூல் வடிவம் வயிற்று அமிலத்தில்தான் சரியாகக் கரையும். பென்டோபிரசோல் அமிலத்தைக் குறைப்பதால் மருந்து உடலில் ஏறாது. வயிற்றைக் காக்கும் மாத்திரையை நிறுத்தினால் கசிவு பயம், தொடர்ந்தால் புற்றுநோய் மருந்து வீண். பின்னால் வந்த டேப்லெட் வடிவத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. எந்த வடிவம் கையில் கிடைக்கிறது என்று கேட்டுக்கொள்வது அவசியம். ஜானுப்ருடினிப்பில் இந்தத் தொல்லை இல்லை. மேலும் அகாலாப்ருடினிப் தொடக்கத்தில் தலைவலி தரும். அதற்குக் காபி குடிக்கச் சொல்வார்கள், நம் ஊரில் யாருக்கும் கசக்காத மருந்து. ஆனால் ரத்தத்தை இளக்கும் மாத்திரையும் சாப்பிடும் முதியவருக்குத் தலைவலி என்றால், இது மருந்தின் தலைவலியா, மூளையருகே கசிவா என்ற சந்தேகம் ஒவ்வொரு முறையும் எழும். அந்தப் பதற்றமே எங்கள் வீட்டுக்கு ஒரு காரணமாக இருந்தது.

பிர்டோப்ருடினிப் என்ற இன்னொரு மாத்திரையும் வந்திருக்கிறது. முதல் வரிசை மாத்திரைகள் பலிக்காமல் போனவர்களுக்கு அது பெரிய துணை. எங்கள் முடிவுக்கு அது தேவைப்படவில்லை.

ஓராண்டுச் சிகிச்சை: வெனடோகிளாக்ஸ், ஒபினுடுஜுமாப்

இது வேறு வழியில் வேலை செய்யும் கூட்டணி. வெனடோகிளாக்ஸ் மாத்திரை, புற்றணு சாகாமல் தற்காத்துக்கொள்ளும் புரதத்தைத் தட்டிப் பறிக்கிறது. தட்டணுக்களின் வேலையில் அது பி.டி.கே. மாத்திரைகளைப் போல் கைவைப்பதில்லை. இதயத் துடிப்பையும் அப்படிக் கலைப்பதில்லை. ஒபினுடுஜுமாப் ஊசியோடு சேர்த்துப் பன்னிரண்டு சுற்றுகள், அதாவது சுமார் ஓராண்டு. பிறகு மருந்தே இல்லை. வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிடுவதோடு ஒப்பிட்டால், ரத்தக் கசிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய காலத்துக்கு ஒரு முடிவுத் தேதி கிடைக்கிறது. அதற்குப் பிறகு இதய அறுவை, புதிய ஸ்டென்ட், பல் பிடுங்குவது எதுவானாலும் தடையில்லை. தாளில் படிக்கும்போது பெரியப்பாவுக்கு இதுதான் சரி என்றே எனக்குத் தோன்றியது.

ஆனால் தொடக்கம் கரடுமுரடு. புற்றணுக்கள் கூட்டமாகச் செத்து விழும்போது வெளியாகும் கழிவுகள் சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடும். அதனால் வெனடோகிளாக்ஸை வாரம் ஒரு படியாக 20, 50, 100, 200, 400 மில்லிகிராம் என்று ஐந்து வாரங்களில் ஏற்றுகிறார்கள். நிணநீர்க் கட்டிகள் பெரிதாகவும் லிம்போசைட் எண்ணிக்கை கூடுதலாகவும் இருந்தால் மருத்துவமனையில் படுத்தே தொடங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் சில மணி நேர இடைவெளியில் ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். பரிசோதனை முடிவு அன்றே கிடைக்காத ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது.

ரத்தக் கசிவு விஷயத்திலும் இந்தக் கூட்டணி முழுச் சுத்தம் அல்ல. ஒபினுடுஜுமாப்பின் முதல் ஊசிக்குப் பின் ஒரு நாளுக்குள் தட்டணுக்கள் திடீரென்று சரியலாம். முதல் சுற்றில் உயிரிழப்பில் முடிந்த ரத்தக் கசிவுகளும் பதிவாகியுள்ளன. அந்தச் சுற்றில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், உறைதல் தடுப்பு மருந்துகளை நிறுத்திவைக்க முடியுமா என்று யோசிக்கும்படி மருந்துக் குறிப்பே சொல்கிறது. ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவருக்கு அதை நிறுத்துவது மாரடைப்பை விலை கொடுத்து வாங்குவதாகும். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு வெனடோகிளாக்ஸ் அதன் அளவை ரத்தத்தில் உயர்த்தும் என்பதால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை நெருக்கமாக எடுக்க வேண்டும். பூஞ்சைத் தொற்று மருந்துகள் சிலவும், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கும் தொடக்க வாரங்களில் ஆகவே ஆகாது. பழங்களில் கிரேப்ஃபுரூட்டைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நம் தோட்டத்துப் பம்பளிமாஸ் அதன் தாய்ப் பழம், நட்சத்திரப் பழமும் அதே பட்டியலில். ஆக, அவற்றையும் ஒதுக்கிவைப்பது நல்லது.

சுருக்கமாக இரண்டு

பழைய கீமோ, அதாவது பென்டமுஸ்டினும் ரிட்டுக்ஸிமாப்பும், இன்றும் பல இடங்களில் கொடுக்கப்படுகிறது. செலவு குறைவு, ஆறு சுற்றில் முடிந்துவிடும். தட்டணுக்களின் எண்ணிக்கையைச் சில வாரங்களுக்குக் கீழே தள்ளும், வேலையைக் கெடுக்காது. தொற்று பயம் உண்டு. 17ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு இழந்தவர்களுக்கும் டி.பி.53 மரபணு பழுதானவர்களுக்கும் இது சரிவர வேலை செய்யாது. எந்த வழியைத் தேர்ந்தாலும் அந்த இரண்டு மரபணுப் பரிசோதனைகளை முதலில் எடுங்கள். பழுது இருந்தால் பல நிபுணர்கள் தொடர் மாத்திரை பக்கமே சாய்வார்கள். அப்போது ஒப்பீடே சுருங்கிவிடும்.

சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கதை வேறு. அங்கே தட்டணுக்கள் குறைவது மட்டுமல்ல, பத்து லட்சத்துக்கு மேல் ஏறுவதும் கசிவைத் தரும். அளவு மீறிய தட்டணுக்கள், உறைதலுக்கு வேண்டிய வான் வில்லிபிராண்டு புரதத்தைக் காலிசெய்துவிடுவதுதான் காரணம். மருந்துகளில் டசாடினிப் தட்டணுக்களின் வேலையைக் கெடுத்துக் குடலில் கசிவைத் தூண்டக்கூடியது. நிலோடினிப் அதற்கு எதிர்த்திசை: ரத்தக்குழாய் அடைப்பைக் கூட்டும். இதயநோயும் ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளும் உள்ள முதியவருக்குப் பழைய இமாடினிப்பே பெரும்பாலும் அமைதியான தேர்வு.

இதய டாக்டரின் கையில் இருந்த சாவி

எங்களுக்கு உண்மையான திருப்பம் ரத்தவியல் அறையில் வரவில்லை. இதய டாக்டரின் அறையில் வந்தது. ஸ்டென்டுக்குப் பின் இரண்டு மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுப்பது பொதுவாக ஆறு மாதம், மாரடைப்புக்காக வைத்தது என்றால் ஓராண்டு. பெரியப்பா அந்தக் காலத்தை எப்போதோ தாண்டிவிட்டார். அந்த மூன்று மருந்துக் கேப்ஸ்யூல் யாரும் நிறுத்தச் சொல்லாததால் ஓடிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். குளோபிடோக்ரெலை நிறுத்தி, ஆஸ்பிரினை மட்டும் தனியாக எழுதிக்கொடுத்தார். வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். நாமாக எதையும் நிறுத்திவிடக் கூடாது, குறிப்பாக ஸ்டென்ட் புதிதாக இருக்கும்போது. ஆனால் கேட்காமலும் இருக்கக் கூடாது.

என் கணக்கு இப்படி. செயற்கை உலோக வால்வு வைத்து வார்ஃபரினை விடவே முடியாதவர்களுக்கு (அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள் அங்கே பயன்படாது) வெனடோகிளாக்ஸ் வழியை முதலில் கேட்க வேண்டும். ஸ்டென்ட் புதிது, இரண்டு மாத்திரையும் கட்டாயம் என்றால், புற்றுநோய்ச் சிகிச்சையைச் சில மாதம் தள்ள முடியுமா என்பதே முதல் கேள்வி. தள்ள முடியாவிட்டால் வெனடோகிளாக்ஸோடு எந்த ஊசி, எப்போது என்று இரு டாக்டர்களும் பேசிக்கொள்ள வேண்டும். துடிப்புக் கோளாறு ஏற்கெனவே இருந்தால் இப்ருடினிப் வேண்டாம். வார்ஃபரினை அபிக்ஸபானுக்கு மாற்ற முடியுமா, ரத்தக்கட்டி சேரும் இதயத்தின் சிறு பையை அடைக்கும் கருவி பொருந்துமா என்பதும் இதய டாக்டரின் வேலை. ஆஸ்பிரின் ஒன்று மட்டும் என்றால் ஜானுப்ருடினிப்போ அகாலாப்ருடினிப்போ தாராளமாக யோசிக்கலாம்.

பெரியப்பாவுக்கு மரபணுப் பழுது இல்லை. சிறுநீரகம் மட்டும் சரியில்லை. அன்றே ரத்த முடிவு தரும் மருத்துவமனை வீட்டிலிருந்து பல மணி நேரப் பயணம். குளோபிடோக்ரெல் நின்றுபோன பிறகு ஓராண்டுச் சிகிச்சையின் பெரிய சாதகம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஜானுப்ருடினிப்பைத் தொடங்கினோம்.

இந்த மாத்திரைகளில் ரத்தக் கசிவு பெரும்பாலும் முதல் சில மாதங்களில் எட்டிப்பார்த்துப் பிறகு தணியும். முழங்கையில் பையின் வார் அழுத்திய இடத்திலும், கைக்கடிகாரத்தின் விளிம்பிலும் ஊதா நிறத் திட்டுகள் வரும். அவற்றுக்காக ஓட வேண்டியதில்லை. தார் போல ஒட்டும் கறுப்பு மலம் வந்தால் ஓட வேண்டும் (இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்க வைக்கும், ஆனால் அது தார் போல மினுங்கி நாறாது). காப்பித் தூள் போன்ற வாந்தி, காரணமில்லாமல் ஹீமோகுளோபின் சரிவது, இடுப்பிலிருந்து தொடை வரை பிடித்திழுக்கும் புதிய வலி, பெரிய மண்ணீரல் உள்ளவருக்கு இடது தோளில் திடீர் வலி ஆகியவையும் அப்படியே. குளியலறையில் வழுக்கித் தலை இடித்தால், தலைவலி இல்லாவிட்டாலும் அன்றே ஸ்கேன். முதியவர்களுக்கு மூளையருகே கசிவு மெதுவாகத்தான் சேரும். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக் கூடாது, பாராசிட்டமால் மட்டுமே. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ கேப்ஸ்யூல்களையும் வீட்டிலிருந்து அகற்றிவிட்டோம்.

பல் டாக்டருக்கு இந்த மாத்திரையின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. பல் பிடுங்குவதற்கும் கண்புரை அறுவைக்கும் முன் சொல்லிவிட வேண்டும். சிறிய வேலைக்கு முன்னும் பின்னும் மூன்று நாள், பெரிய அறுவைக்கு ஏழு நாள் என்று ரத்தவியல் டாக்டர் நிறுத்திவைக்கச் சொல்வார். புதிதாகப் பிறக்கும் தட்டணுக்கள் சேர அந்த அவகாசம் வேண்டும். பெரியப்பாவின் சட்டைப் பையில் இப்போது ஒரு சீட்டு இருக்கிறது: நோயின் பெயர், மாத்திரையின் பெயர், ஆஸ்பிரின், ரத்தவியல் டாக்டரின் எண்.